முதியோரின் அந்தரமும் மருத்துவக் குறிப்பேடும்

எழுத்தின் வலிமையை எம்மவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அகதிக் கோரிக்கைப் படிவத்தில் ஒரு திகதி மாறியமையால், மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைத் தவறவிட்டமையால், ஆண்டுக்கணக்கில் அலைந்த குடும்பங்கள் இந்தக் கனடா மண்ணில் எம்மிடையே பலவாகும். நாம் பட்டது ஒன்று. தாளில் பதிந்தது வேறொன்று. தீர்ப்போ தாளைப் பார்த்தே வழங்கப்பட்டது. அந்தப் பாடத்தை நாம் பெருவிலை கொடுத்துக் கற்றோம். ஆயினும் இன்று வேறொரு இடத்தில் அதே பாடத்தை மறந்து நிற்கின்றோம். மறதிநோயால் வாடும் எமது பெற்றோரைப் பற்றி வைத்தியசாலைகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் என்ன எழுதப்படுகிறது என்பதில் எம்மிற் பலர் கருத்துச் செலுத்துவதில்லை. இது குறித்துச் சில கருத்துகளை வாசகர்முன் வைக்க விரும்புகின்றோம்.

எமது சமூகம் முதுமை எய்திவிட்டது. எண்பதுகளில் முப்பது வயது இளைஞராய் வந்திறங்கியவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். அவர்கள் பின்னர் அழைத்துக்கொண்ட தாய் தந்தையருள் எஞ்சியிருப்போர் தொண்ணூறை அண்மித்துள்ளனர். ‘டிமென்சியா’ எனப்படும் மறதிநோய் இன்று எம்மவர் இல்லங்களில் அரிதான ஒன்றன்று. இந்நோய் பெயரையும் முகத்தையும் மறக்கச் செய்வதோடு நின்றுவிடுவதில்லை. நிலைகொள்ளாது நடத்தல், ஒரே கேள்வியை இடையறாது கேட்டல், கூக்குரலிடுதல், குளிக்க மறுத்தல், தொட வருபவரைத் தள்ளுதல், அடித்தல் ஆகியனவும் பலரிடம் தோன்றுகின்றன. இவற்றையெல்லாம் ஒருசேர ஆங்கில மருத்துவம் ‘அஜிற்றேஷன்’ என்கிறது. எமது பேச்சு வழக்கிலே இதற்கு மிக அண்மித்த சொல் ஒன்று உண்டு. அது ‘அந்தரம்’. “அம்மா பின்னேரமானால் அந்தரப்படுகிறா” என்று நாம் கூறும்போது, அவரது வெளிநடத்தையை மட்டுமன்றி உள்ளத்தின் தவிப்பையும் சேர்த்தே கூறுகின்றோம். மருத்துவக் குறிப்பேட்டிலோ பெரும்பாலும் வெளிநடத்தை மட்டுமே ஏறுகிறது. தவிப்பு விடுபட்டுப் போகிறது.

இலக்கமாகும் அந்தரம்

நோய்கள் யாவற்றுக்கும் எழுத்தும் இலக்கமும் கொண்ட குறியீடுகள் உள்ளன. உலக சுகாதார நிறுவனம் வகுத்த பட்டியலே இவற்றுக்கு அடிப்படை. அதன் பதினோராவது திருத்தம் 2022 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கனடாவின் வைத்தியசாலைகள் பத்தாவது திருத்தத்தின் கனடியப் பதிப்பைக் கையாண்டு வருகின்றன. இவ்விலக்கங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை விளங்கிக்கொள்ள, எம்மிற் பலரின் உறவினர் வாழும் அயல்நாடாகிய அமெரிக்காவின் நடைமுறை நல்லதோர் எடுத்துக்காட்டு.

அமெரிக்கா பத்தாவது திருத்தத்தின் தனிப் பதிப்பொன்றைப் பயன்படுத்துகிறது. அதிலே, மறதிநோயாளரின் மாறுபட்ட நடத்தைகள் யாவும் 2022 செப்டெம்பர் வரை ‘நடத்தைக் குழப்பம்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் அடங்கின. 2022 ஒக்டோபர் 1 முதல் அது பிரிக்கப்பட்டது. அந்தரம், பிற நடத்தைக் குழப்பம், பிரமை முதலிய உளப்பிறழ்வு, மனச்சோர்வு முதலிய உணர்ச்சி மாற்றம், பதகளிப்பு என ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் வழங்கப்பட்டது. நோய் இலேசானதா, நடுத்தரமானதா, கடுமையானதா என்பதைக் குறிக்கவும் இடம் வைக்கப்பட்டது. எந்த வகை மறதிநோய் என்பதும் எவ்வளவு கடுமை என்பதும் குறிப்பிடப்படாமல், அந்தரம் மட்டும் எழுதப்பட்டிருப்பின் அதன் இலக்கம் எஃப் 03.911. நோய் கடுமையானது என்று வைத்தியர் எழுதியிருப்பின் அது எஃப் 03.சி11 ஆகிறது.

இந்த ஒரே அந்தர இலக்கத்தின் கீழ் எவை அடங்குகின்றன என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். அமைதியின்மை, முன்னும் பின்னுமாய் ஆடுதல், ஓயாது நடத்தல், வெளியேற வழிதேடல் ஆகியன ஒருபுறம். தகாத சொல், கூச்சல், மிரட்டல், கோபம், தாக்குதல், வன்முறை ஆகியன மறுபுறம். இவ்விரு புறமும் ஒரே பெட்டியினுள் இடப்பட்டுள்ளன. தாழ்வாரத்தில் மெல்ல நடந்து “என்ரை வீட்டுக்குப் போகவேணும்” என்று விசும்பும் மூதாட்டியும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை அடித்துக் காயப்படுத்தும் முதியவரும் ஒரே இலக்கத்தைப் பெறலாம்.

இலக்கத்தை இடுபவர் நோயாளியைக் காண்பதில்லை. வைத்தியர் எழுதிய குறிப்பையே அவர் காண்கிறார். எழுதப்படாத ஒன்றை ஊகித்துச் சேர்க்க அவருக்கு உரிமை இல்லை. கடுமை எவ்வளவு என்று எழுதப்படாவிடின் ‘குறிப்பிடப்படாதது’ என்றே அவர் பதியவேண்டும். ஆகவே, பொறுப்பு முழுவதும் நோயாளியின் அருகில் நின்று எழுதுபவரின் பேனாவில் தங்கியுள்ளது. அப்பேனாவுக்குச் செய்தி வழங்குபவர் எவர்? தமிழ் மட்டுமே பேசும் ஒரு முதியவர் விடயத்தில், அது குடும்பத்தினரே.

குறியீடு வேண்டாம் என்பது எமது வாதமன்று. இலக்கம் பெறாத துன்பம் அரசின் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாத துன்பத்திற்குப் பணமும் பணியாளரும் ஒதுக்கப்படமாட்டார்கள். அந்தரத்திற்கெனத் தனி இலக்கம் வந்தமை நன்மையே. இலக்கத்தின் பின்னால் இருக்கவேண்டிய விவரம் வெறுமையாய் இருப்பதே எமது கவலை.

நான்காவது கேள்வி

இனி ஒன்ராறியோவுக்கு வருவோம். இங்குள்ள நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் ஒவ்வொருவரும் அனுமதிக்கப்படும்போதும், அதன்பின் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் மதிப்பீடு செய்யப்படுகின்றனர். அம்மதிப்பீட்டிலிருந்து ‘வன்நடத்தை அளவுகோல்’ ஒன்று கணிக்கப்படுகிறது. 0 முதல் 12 வரை செல்லும் அதற்கு நான்கு கேள்விகள் அடிப்படை. சொல்லால் வைதாரா? உடலால் தாக்கினாரா? பிறர்முன் தகாத முறையில் நடந்தாரா? பராமரிப்பை எதிர்த்தாரா?

இந்த நான்காவது கேள்வியிலேயே எமது தாய்மார் பலர் அகப்பட்டுக்கொள்கின்றனர். கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளித்துப் பழகியவர். கணவன் முன்னிலையிற்கூட ஆடை களைந்து நின்றறியாதவர். அவரை முன்பின் அறியாத ஒருவர், சில வேளைகளில் ஓர் ஆண், குளியலறைக்கு அழைத்துச் சென்று உடையைக் களைந்து தலைக்குமேல் நீரைத் திறந்துவிடுகிறார். அறிவு தெளிவாய் இருந்த காலத்தில் அவர் பணிவுடன் மறுத்திருப்பார். நோய் சொல்லைப் பறித்துவிட்டமையால் இப்போது கையால் தள்ளுகிறார். மதிப்பீட்டில் புள்ளி ஏறுகிறது. அளவுகோல் பொய் சொல்லவில்லை. அவர் எதிர்த்தது மெய்யே. ஆயினும் ஏன் எதிர்த்தார் என்பதைக் கேட்பது அந்த அளவுகோலின் வேலையன்று. அதனைப் பராமரிப்புத் திட்டத்தில் எவராயினும் ஒருவர் எழுதினாலன்றி, அடுத்த வாரமும் அதே குளியல், அதே தள்ளல், அதே புள்ளி.

ஊரிலே பாடசாலைகளில் பணியாற்றியோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். தேர்ச்சி அறிக்கையில் ‘கவனக்குறைவு’, ‘குழப்படி’ என்று ஆண்டுதோறும் எழுதப்பட்டுவந்த மாணவன் ஒருவனுக்குக் கரும்பலகையே தெரியவில்லை என்பது, ஐந்தாம் வகுப்பில் கண் பரிசோதனை செய்தபோது வெளிப்பட்டதுண்டு. அறிக்கையில் இருந்த ஒவ்வொரு சொல்லும் நடந்ததையே கூறியது. காரணம் மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

ஒரு மூதாட்டியின் தலையணை உறை

நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் அனுபவத்தை, பெயரும் இடமும் தவிர்த்து, இங்கு கூறுதல் பயன்தரும். வலிகாமத்தைச் சேர்ந்த அம்மூதாட்டி எண்பதைக் கடந்தவர். ரொறன்ரோவுக்கு அண்மையில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் வாழ்கிறார். பகலெல்லாம் அமைதியாய் இருப்பவர், வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் தலையணை உறையைக் கழற்றி அதனுள் சீப்பு, துவாய், தட்டில் எஞ்சிய பாண், அயலவரின் மூக்குக்கண்ணாடி என அகப்பட்ட யாவற்றையும் இட்டுக்கட்டிக்கொண்டு கதவை நோக்கி விரைவார். தடுத்தால் அலறுவார்; பிடித்த கையைப் பிறாண்டுவார். குறிப்பேட்டில் பின்வருமாறு பதியப்பட்டது: பொருள்களைப் பதுக்குகிறார், பிறர் பொருளை எடுக்கிறார், வெளியேற முயல்கிறார், தடுத்தால் தாக்குகிறார். நான்கும் உண்மை. அமைதிப்படுத்தும் குளிசை தொடங்குவது பற்றி மகளிடம் கேட்கப்பட்டது.

மகள் ஒரு மாலை வேளையில் அங்கு சென்று அமர்ந்திருந்தார். இரவுணவு நேரம் என்பதை அறிவிக்கக் கூரையில் இருந்த ஒலிபெருக்கி முழங்கிய கணத்தில் தாய் எழுந்து உறையைத் தேடுவதைக் கண்டார். ஆங்கிலம் அறியாத தாய்க்கு அந்த அறிவித்தல் வெறும் முழக்கமே. ஆனால் 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் மாலை, யாழ்ப்பாணத்தை விட்டு உடனே வெளியேறுமாறு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டபோது, இரண்டு பிள்ளைகளையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த இலட்சக்கணக்கானோரில் அவரும் ஒருவர். அந்த இரவைப் பற்றி வாசகருக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

மகள் இதனை அரைப்பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி, பொறுப்புத் தாதியிடம் கொடுத்தார். அதன்பின் பராமரிப்புத் திட்டத்தில் மூன்று வரிகள் சேர்க்கப்பட்டன. அறிவித்தலுக்கு முன்னரே அவரை உணவு மண்டபத்திற்கு அழைத்துச் செல்லவேண்டும். அவருக்கென ஒரு துணிப்பை கையில் இருக்கவேண்டும். கதவண்டை வந்தால் கையைப் பற்றாமல், “அம்மா, பிள்ளைகள் எல்லாரும் வந்து சேர்ந்திட்டினம்” என்று தமிழறிந்த பணியாளர் கூறவேண்டும். தமிழறியாதோர் அதனை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்ளவேண்டும். நோய் மாறிவிடவில்லை. சில மாலைகளில் இன்றும் அவர் அழுகிறார். ஆயினும் பிறாண்டுதல் மிகக் குறைந்தது. குளிசை தொடங்கப்படவில்லை. மாறியது குறிப்பேட்டின் மூன்று வரிகளே.

காரணம் தேடுதல் மருத்துவத்தின் கடமை

யாவற்றுக்கும் போரே காரணம் என்று கொள்வதும் தவறாகும். அந்தரத்தின் மூலம் பல வேளைகளில் மிக எளியது. மலச்சிக்கல், பல்வலி, சிறுநீர்த் தொற்று, நாவறட்சி, பொருந்தாத பொய்ப்பல், மின்கலம் தீர்ந்த செவிக்கருவி, புதிதாய்த் தொடங்கிய ஒரு மருந்து ஆகிய யாவும் வாய்விட்டுக் கூற முடியாத ஒருவரைக் கூச்சலிடச் செய்யும். குறிப்பாக, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரெனக் குழப்பம் ஏற்படின், அது மறதிநோயின் வளர்ச்சி என்று இருந்துவிடாது உடனே வைத்தியரை நாடவேண்டும். தொற்றோ வேறு உடற்கோளாறோ மூளையைத் தாக்கும் அந்நிலை வேறொரு நோய். அதற்கு வேறு இலக்கம், வேறு சிகிச்சை.

மொழியும் ஒரு காரணமாகும். பிற்காலத்தில் கற்ற மொழி இந்நோயில் பெரும்பாலும் முதலில் நழுவுகிறது, தாய்மொழி நிலைக்கிறது. முப்பது ஆண்டுகள் தொழிற்சாலையில் ஆங்கிலம் பேசியவர் இன்று ஆங்கிலத்தில் இடும் ஏவலை விளங்காது விழிக்கிறார். ‘ஒத்துழைக்க மறுக்கிறார்’ என்று அது பதியப்படுகிறது.

அந்தரம் என்று எதனை அழைக்கலாம் என்பதற்குச் சர்வதேச முதியோர் உளமருத்துவச் சங்கம் 2015இல் ஒரு வரையறையை வெளியிட்டது. நடத்தை குறைந்தது இரண்டு வாரங்களேனும் நீடிக்கவோ அடிக்கடி திரும்பவோ வேண்டும். உள்ளத் தவிப்பு காணப்படவேண்டும். அது வேறொரு நோயாலோ குறைபாடுள்ள பராமரிப்பாலோ மட்டும் விளைந்ததாய் இருத்தலாகாது என்பன அதன் கூறுகள். காரணத்தைத் தேடிப் பார்த்த பின்னரே அச்சொல்லை இடவேண்டும் என்பது மருத்துவ உலகமே வகுத்துக்கொண்ட ஒழுங்கு. ஆகவே, “காரணம் பார்த்தீர்களா?” என்று நாம் வினவுவது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

மருந்து பற்றியும் ஒரு சொல். உளப்பிறழ்வுக்குரிய மருந்துகளே அந்தரத்திற்கும் வழங்கப்படுவதுண்டு. மறதிநோயுள்ள முதியோரிடையே இவ்வகைப் புதிய மருந்துகள் இறப்பு விகிதத்தை ஏறத்தாழ 1.6 மடங்காக்குகின்றன என்று கனடாவின் சுகாதாரத் திணைக்களம் 2005இலேயே எச்சரித்தது. றிஸ்பெரிடோன் என்னும் மருந்தின் பயன்பாட்டை 2015இல் அது மேலும் சுருக்கி, கடுமையான அல்சைமர் வகை நோய்க்கு மட்டும் என வரையறுத்தது. அமெரிக்காவில் 2023 மே மாதம் பிரெக்ஸ்பிப்பிரசோல் என்ற மருந்து, அல்சைமர் நோயின் அந்தரத்திற்கென முதன்முதலாய் அனுமதி பெற்றது. அதுவும் அதே எச்சரிக்கையைத் தாங்கியே விற்பனையாகிறது. பிறருக்கோ தமக்கோ தீங்கு நேரும் நிலையில் மருந்து தேவைப்படும் நோயாளரும் உளர். மருந்தென்றாலே அஞ்சி மறுக்குமாறு நாம் கூறவில்லை. நோயாளி தாமே முடிவெடுக்க இயலாதவராயின், அவசர நிலை தவிர்ந்த வேளைகளில், அவருக்காக முடிவெடுக்கும் உறவினரின் சம்மதம் இன்றிச் சிகிச்சை தொடங்கலாகாது என்பது ஒன்ராறியோவின் 1996ஆம் ஆண்டுச் சுகாதாரப் பராமரிப்புச் சம்மதச் சட்டம். மருந்தின் பயன், தீங்கு, மாற்றுவழி, எடுக்காவிடின் நேர்வது ஆகிய யாவற்றையும் கேட்டறியும் உரிமை அச்சம்மதத்தினுள் அடங்கும். தொலைபேசியில் “சரி, சரி” என்று கூறிவிட்டு வேலைக்கு ஓடுவோர் இதனை நினைவிற் கொள்க.

மறைத்தலின் விலை

இதுவரை பிறர் எழுதுவது பற்றிக் கூறினோம். எமது பக்கத்திலும் ஒரு பெருங்குறை உண்டு. அது மறைத்தல்.

வீட்டுப் பராமரிப்புக்கு விண்ணப்பித்ததும் மாகாண நிறுவனத்தின் இணைப்பாளர் வீட்டிற்கு வருகிறார். அன்று காலை தாயாரைக் குளிப்பாட்டி, தலைவாரி, நல்ல சேலை உடுத்தி, வரவேற்பறையில் அமர்த்துகின்றோம். வந்தவருக்குத் தேநீரும் பலகாரமும் வைக்கின்றோம். “அம்மாவுக்குப் பெரிதாய் ஒன்றுமில்லை, வயது போனால் மறதிதானே” என்கின்றோம். இரவில் மூன்று தடவை கதவைத் திறந்து பனியில் இறங்க முயன்றதையோ, மருமகளின் கன்னத்தில் அறைந்ததையோ கூறுவதில்லை. மானம் போகும் என்ற அச்சம். படிவம் நிரம்புகிறது, ‘நடத்தைப் பிரச்சினை இல்லை’ என்று பதியப்படுகிறது. அதற்கேற்ற சொற்ப மணித்தியால உதவியே கிடைக்கிறது. பின்னர் “வெள்ளையருக்கு மட்டும் எல்லாம் கொடுக்கிறார்கள்” என்று மனம் புழுங்குகின்றோம்.

இதன் மறுபக்கமும் உண்டு. பொறுமையிழந்த ஒரு நாளில் அவசரப் பிரிவுக்குச் சென்று, “இவர் எல்லாரையும் கொல்லப் பார்க்கிறார்” என்று பேரப்பிள்ளை மொழிபெயர்க்க, அச்சொல் கோப்பில் ஏறிவிடுகிறது. ஏறிய சொல் இறங்குவதில்லை. இங்குள்ள சட்டப்படி ஒரு பராமரிப்பு இல்லம் விண்ணப்பத்தை மறுக்கக்கூடிய காரணங்களுள், தேவையான தாதியத் தேர்ச்சி தம் பணியாளரிடம் இல்லை என்பதும் ஒன்று. மிகைப்படக் கூறிய ஒரு சொல் ஒரு கதவை அடைத்துவிடலாம். குறைத்துக் கூறியதோ கதவைத் திறக்கவே விடுவதில்லை. நடந்ததை நடந்தவாறு, எத்தனை தடவை, எந்நேரம், எதன் பின்னர் என்று கூறுவதே தக்கது.

இதில் ஒரு தயக்கம் நியாயமானது. “எங்கள் தாய் பட்ட துன்பத்தை அந்நியர் கோப்பில் எழுதி வைப்பதா?” என்று சிலர் வினவக்கூடும். போரில் பெண்களுக்கு நேர்ந்தவற்றுள் தாம் பெற்ற பிள்ளைகளிடமே வாய்திறவாதவை உள. அவற்றை எவரும் எழுத வேண்டியதில்லை. காரணத்தை எழுத மனம் ஒப்பாவிடின், தவிர்க்க வேண்டியதை மட்டும் எழுதினாற் போதுமானது. ‘இரவில் முகத்தில் ஒளிவிளக்கு அடிக்கவேண்டாம்.’ ‘ஆண் பணியாளர் குளிப்பாட்ட வேண்டாம்.’ ‘பின்புறமாய் வந்து தோளைத் தொடவேண்டாம்.’ இவ்வரிகள் எவருடைய மறைவையும் வெளிப்படுத்துவதில்லை. நோயாளியையும் காக்கும், பணியாளரையும் காக்கும்.

பணியாளர் என்கையில் இன்னொன்றும் கூறவேண்டும். அடியும் பிறாண்டலும் வாங்குவோர் குறைந்த ஊதியத்தில் பலரைப் பராமரிப்போராவர். அவர்களுள் எமது பெண்களும் பலர். அவர்களைக் குற்றவாளிகளாக்கி எழுதுவது எமது நோக்கமன்று. பலரைக் கவனிக்கும் ஒருவருக்குப் பத்துப் பக்க வரலாற்றைப் படிக்க நேரமில்லை. ஆதலால் நாம் கொடுப்பது சுருக்கமாய் இருத்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை

முதலாவது, ஒரு தாளின் ஒரு பக்கத்தில் முதியவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள். எவ்வாறு அழைத்தால் திரும்பிப் பார்ப்பார், செய்த தொழில் என்ன, எதற்கு அஞ்சுவார், எதனால் ஆறுதலடைவார், உணவில் எதனைத் தொடமாட்டார் என்பன போதும். அதன் அடியில், தண்ணீர், நோ, கழிப்பறை, பசி, பயம் போன்ற பத்துத் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் பொருளோடு தருக. “நோகுது” என்று மணிக்கணக்காய் அரற்றிய ஒருவரை, ‘விளங்காத கூச்சல்’ என்று எழுதாமல் தடுக்க இந்தப் பத்துச் சொற்கள் போதும்.

இரண்டாவது, அந்தரம் தோன்றும்போது மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: அதற்கு முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதன்பின் என்ன நடந்தது. திகதியும் நேரமும் இடுக. இல்லங்களில் அரைமணிக்கு ஒருமுறை நடத்தையைக் குறிக்கும் அட்டவணையைச் சில நாள்கள் தொடர்ந்து நிரப்பும் முறையும் உண்டு. அதனைக் காட்டுமாறு கேளுங்கள். ‘அந்தரம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடாமல், நடந்தாரா, அழுதாரா, தள்ளினாரா என்பதை எழுதுமாறு பணிவுடன் வேண்டுங்கள்.

மூன்றாவது, இல்லத்தில் சேர்த்து ஆறு வாரங்களுள்ளும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையேனும், குடும்பத்தினரோடு பராமரிப்புக் கலந்துரையாடல் நடத்தப்படவேண்டும் என்பது ஒன்ராறியோவின் விதி. அக்கூட்டத்திற்கு விடுப்பு எடுத்தாயினும் செல்லுங்கள். பிறந்தநாட் கொண்டாட்டத்திற்கு மண்டபம் பதிவுசெய்ய எடுக்கும் சிரத்தையில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

நான்காவது, 2004ஆம் ஆண்டின் தனிநபர் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம், கோப்பைப் பார்வையிடவும் பிழையைத் திருத்தக் கோரவும் நோயாளிக்கும், அவர் இயலாதவராயின் அவருக்காக முடிவெடுப்பவருக்கும் உரிமை வழங்குகிறது. கோரிக்கைக்கு முப்பது நாள்களுள் பதில் தரப்படவேண்டும். வைத்தியர் நல்லெண்ணத்தோடு தெரிவித்த கருத்தை மாற்றுமாறு வற்புறுத்த முடியாது. ஆயினும் திருத்தம் மறுக்கப்படின், எமது மறுப்பை ஒரு கூற்றாய் எழுதிக் கோப்பிலே இணைக்குமாறு கோரலாம். அதன்பின் கோப்பைத் திறப்பவர் எமது கூற்றையும் காண்பார்.

ஐந்தாவது பொதுப்பணி. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோயில்களும் எம்மிடம் நிறைய உள்ளன. இங்கு பிறந்து வளர்ந்து, இரு மொழியும் அறிந்த இளையோர் உள்ளனர். அவர்களுள் தாதியரும் வைத்தியரும் சமூகப் பணியாளரும் உளர். இவர்கள் ஒன்றுகூடி, மேலே கூறிய ஒரு பக்கத் தாளுக்கு ஒரு மாதிரியையும், தமிழ் முதியோரின் வாயில் அடிக்கடி வரும் சொற்களுக்கு ஒரு சிறு அகராதியையும் உருவாக்கி, தமிழர் வாழும் இல்லங்கள் தோறும் வழங்கினால் என்ன? ஒரு கலைவிழாவின் செலவில் பத்தில் ஒரு பங்கும் இதற்குத் தேவைப்படாது.

தங்கள் வாழ்வைத் தாமே எடுத்துரைக்கும் ஆற்றலை இழந்துவரும் ஒரு தலைமுறை எமது கண்முன் இருக்கிறது. அவர்களின் நினைவிலிருந்து உதிர்வதை எம்மால் தடுக்க முடியாது. அவர்களைப் பற்றிய கோப்பில் உண்மை ஏறுவதை எம்மால் உறுதிசெய்ய முடியும். வரும் வார இறுதியில் தாய் தந்தையரைக் காணச் செல்லும்போது, சோற்றுப் பொதியோடு எழுதிய ஒரு தாளையும் எடுத்துச் செல்வோமாக.